கரையில் புதைந்து கிடக்கும் பிளாஸ்டிக் குருணையைப் பாதுகாப்பாக அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் சார்பில்,
பங்குப்பேரவை, மீனவர் கூட்டுறவுச் சங்கம் மற்றும் மகளிர் சுயஉதவிக் குழுக்கள்,
கிள்ளியூர் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலிலிருந்து ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணையையும் அதோடு கலந்துள்ள கழிவுகளையும் முறைப்படி அகற்றுதல், அள்ளி வைத்த மூட்டைகளை ஊரிலிருந்து அப்புறப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

25.05.2025 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற லைபீரியக் கொடிக் கப்பல், விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் சுமார் 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். சரக்குதான் தப்பவில்லை. சில நாட்களுக்குள்ளாகவே கிழிந்த மூட்டைகளும் அவற்றிலிருந்து கொட்டிய வெள்ளைக் குருணையும் (பிளாஸ்டிக் பொருட்கள் செய்வதற்கான மூலப்பொருளான சிறு மணிகள்) குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஒதுங்கத் தொடங்கின. அந்த நேரத்தில் மாவட்ட நிர்வாகமும் தன்னார்வலர்களும் இறங்கி அள்ளியதை நாங்கள் மறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களும் கூடவே நின்று அள்ளினார்கள். இந்த மனு அதற்குப் பிறகு நடக்க வேண்டியதைப் பற்றியது.

அன்று அள்ளியது போக மீதி முழுவதும் மணலுக்குள் இருக்கிறது. ஆனியாடியில் கடல் ஏறி மணலை இழுத்துக்கொண்டு போகும்; காற்று மாறியதும் அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும். இது தாங்கள் அறியாததல்ல. அந்தப் போக்குவரத்தில் குருணையும் மணலோடு அடுக்கடுக்காகப் புதைந்துவிட்டது. நின்று பார்த்தால் கரை சுத்தமாகத்தான் தெரியும். அரை முழம் கிளறினால் வெள்ளை வரி தெரிகிறது. அடுத்த ஆனியாடியில் கடல் கரையை அரிக்கும்போது அத்தனையும் மறுபடி வெளியே வரும்.

எங்களுக்கு இதில் உடனடியாக அடிபட்டது கருவாட்டுத் தொழில். நெத்தோலியை மணலில் விரித்துக் காயவைப்பது இங்கே வழக்கம். காய்ந்ததை வாரும்போது மீனோடு குருணையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மணலைப் புடைத்து எடுத்துவிடலாம்; இது சுளவில் போட்டுப் புடைத்தாலும் போவதில்லை, மீனின் எடைக்கே நிற்கிறது. ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்க வேண்டும். யாவாரி வந்து ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரத்திப் பார்க்கிறார். இரண்டு வெள்ளை மணி கண்ணில் பட்டால் விலையைக் குறைக்கிறார், இல்லையென்றால் வேண்டாம் என்று போய்விடுகிறார். தார்ப்பாயில் காயப்போடலாமே என்று சொல்வது சுலபம். அதை வாங்கக் காசு வேண்டும், மேலே காற்றடித்துக் கொண்டுவரும் மணலிலும் குருணை இருக்கிறது.

இதைவிட எங்களை வருத்துவது மூட்டைகள். அன்று அள்ளியதில் ஒரு பகுதி பிளாஸ்டிக் சாக்குகளில் கட்டப்பட்டு மீன் ஏலக்கூடத்தின் பின்புறம் அடுக்கப்பட்டது. வண்டி வந்து எடுத்துப் போகும் என்றார்கள். வரவில்லை. யாரிடம் கேட்பது என்பதே எங்களுக்குப் புரியவில்லை: ஊராட்சியில் கேட்டால் வேறு துறையைக் கைகாட்டுகிறார்கள், அந்தத் துறையில் கேட்டால் இன்னொன்றை. வெயிலில் கிடந்து சாக்குகள் நைந்துவிட்டன. தொட்டால் பொடியாக உதிர்கின்றன. கஷ்டப்பட்டு அள்ளிய குருணை கட்டிய இடத்திலேயே கொட்டி, மழைத் தண்ணீரோடு ஓடை வழியாக மீண்டும் கடலுக்குப் போகிறது. மணலிலிருந்து சாக்குக்கு மாற்றியதைச் சுத்தம் செய்ததாகக் கணக்கு எழுதியிருந்தால் அந்தக் கணக்கைத் தயவுசெய்து திருத்த வேண்டும்.

குருணையைச் சாதாரணப் பிளாஸ்டிக் குப்பையாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. சர்வதேசக் கப்பல் சரக்கு விதிகளிலும் இதற்கு அபாயகரச் சரக்கு என்ற முத்திரை இல்லை என்பது உண்மையே. ஆனால் கரையில் கிடப்பது மூட்டையில் ஏற்றிய புதுக் குருணை அல்ல. அந்தக் கப்பலில் 84.44 டன் டீசலும் 367.1 டன் உலை எண்ணெயும் இருந்தன. அபாயகரச் சரக்கு ஏற்றிய கன்டெய்னர்களும் இருந்தன, அவற்றில் பலவற்றில் கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால், எளிதில் தீப்பற்றக்கூடிய அசெட்டிலீன் வாயுவைக் கக்கும் பொருள் அது. இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் அளவுள்ள குருணை, கடலில் இருக்கும் எண்ணெயையும் பழைய பூச்சிமருந்து எச்சங்களையும் தன்மேல் ஈர்த்துக்கொள்ளக் கூடியது. மீன் முட்டையென்று நினைத்து மீன்களும் பறவைகளும் விழுங்குகின்றன. ஆகவே பரிசோதித்துப் பார்க்கும் வரையாவது இதை அபாயகரக் கழிவாகவே நடத்த வேண்டும் என்று கேட்கிறோம்.

பக்கத்து நாட்டு அனுபவம் நம் கண்முன்னே இருக்கிறது. 2021-ல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. இலங்கையின் சரக்குவ என்ற ஊர் போன்ற கரைகளில் பாதுகாப்பு உடை அணிந்த ஆட்களை இறக்கி அள்ளினார்கள், சல்லடை இயந்திரம் வைத்து மணலைச் சலித்தார்கள். அப்படியும் ஆண்டுகள் கழிந்து குருணை வந்துகொண்டிருந்தது. ஒரு முறை அள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் வேலை அல்ல இது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

அள்ளும் முறையைப் பற்றி, கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்ற உரிமையில் சில வார்த்தை. ஜேசிபி வேண்டாம். அது குருணையை எடுப்பதைவிட ஆழத்துக்கு அமுக்குவதே அதிகம். மணலோடு வாரி லாரியில் ஏற்றினால் கரைதான் போகும். கடலரிப்பில் வீடுகளை இழந்துகொண்டிருக்கும் எங்களுக்கு ஒரு லாரி மணலும் பெரிது. தை முதல் பங்குனி வரை ஆமை ஏறி முட்டையிடும் காலம் என்பதால் வனத்துறையும் இதற்கு ஒப்பாது. கடல் ஏறி இறங்கிய கோட்டில் பாசியும் குச்சியும் ஒதுங்கும் இடத்தில்தான் குருணை திரண்டு கிடக்கும். அங்கே மேல்மண்ணை மட்டும் வழித்து, ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்தால் மணல் கீழே இறங்கிவிடும், குருணை மேலே நிற்கும். ஈர மணல் சலிக்காது. அதை உப்புத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் போட்டுக் கிண்டினால் குருணை மிதக்கும், வலைத்துணியால் அரித்துவிடலாம். எங்கள் பெண்கள் இதை வாளியிலேயே செய்து பார்த்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் கடலில் ஊற்றக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கை சல்லடையில் ஒரு நாளில் முடிகிற பரப்பு கொஞ்சம்தான். சுழல் சல்லடை ஒன்றை ஊர் ஊராகச் சுற்றுக்கு விட்டால் வேலை ஓடும்.

இறங்குகிறவர்களின் பாதுகாப்பைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை என்று நினைத்தோம். ஆனால் கரையில் கண்டது எழுத வைக்கிறது. ஊராட்சித் தூய்மைக் காவலர்கள் வெறுங்கையோடும் ரப்பர் செருப்போடும் அள்ளினார்கள். குருணையோடு உடைந்த பாட்டில், துருப்பிடித்த தூண்டில், ஊசி, சிரிஞ்சு எல்லாம் கலந்து கிடக்கிறது. தடித்த கையுறை, பூட்ஸ், முகக்கவசம், குடிதண்ணீர், வெட்டுப்பட்டால் அங்கேயே தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர், இவ்வளவும் இல்லாமல் ஒருவரையும் இறக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளைப் பேனரோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கும் தூய்மை முகாம்கள் வேறு நாளுக்கு, வேறு குப்பைக்கு இருக்கட்டும். அடையாளம் தெரியாத டிரம்மோ கன்டெய்னரோ ஒதுங்கினால் யாரும் கிட்டே போகாமல் எந்த எண்ணுக்குச் சொல்வது என்று ஒரு பலகை ஒவ்வொரு ஊர்க் கரையிலும் வைத்தால் நல்லது.

கரையில் கிடப்பது எல்லாம் கப்பல் கொண்டுவந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. அறுந்த வலை, தெர்மாகோல், மதுப்பாட்டில், பாலிதீன் பை எல்லாம் ஊருக்குள்ளிருந்து வந்தவைதான். அவற்றைத் தனியே பிரித்துச் சேர்க்கும் வேலையை மகளிர் குழுக்கள் ஏற்றுக்கொள்கின்றன; பழைய வலையை ஒப்படைக்க ஏலக்கூடத்தில் ஓர் இடம் தந்தால் போதும். பிரிக்காமல் ஒரே குவியலாக்கித் தீவைப்பது மட்டும் நடக்கக் கூடாது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே தடை விதித்து அபராதமும் நிர்ணயித்திருக்கிறது. எண்ணெய் பட்ட குருணை எரிந்தால் அந்தப் புகை முதலில் நுழைவது கரையோரத்து வீடுகளுக்குள்.

சேர்ந்த குருணை எங்கே போக வேண்டும் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதிரி எடுத்துப் பார்த்து முடிவு செய்யட்டும். அபாயகரம் என்று தெரிந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதற்கென்றே நிலையம் இருக்கிறது. இல்லையென்றால் சிமென்ட் ஆலை உலைக்கோ மறுசுழற்சிக்கோ அனுப்பலாம். எங்கே அனுப்பினாலும் இரட்டைப் பையில் கட்டி, எடை போட்டு, தேதியும் ஊர்ப்பெயரும் எழுதி, மூடிய வண்டியில் போக வேண்டும்.

எடை போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே கப்பலுக்காகக் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு அந்த மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி நிவாரணம் கேட்க ஐந்தாண்டு அவகாசம்தான் இருக்கிறது. எந்தக் கரையில் எத்தனை கிலோ அள்ளினோம், எத்தனை ஆள்கூலி ஆனது, எத்தனை குடும்பத்துக் கருவாடு விலைபோகவில்லை என்ற பதிவேடு இல்லாமல் நம் மாவட்டம் யாரிடமும் ஒரு ரூபாய் கேட்க முடியாது. மாசு செய்தவர் செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் கணக்கு இருந்தால்தானே கேட்க முடியும்?

மீன்வளம், வனம், ஊரக வளர்ச்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எனப் பல கைகளில் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் தாங்கள். இத்தனை துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைக்க மாவட்டத்தில் தங்களால்தான் முடியும். ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கடலோர ஊராட்சிகளில் எழுதி ஒட்டினால் நாங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைவது நிற்கும்.

ஏலக்கூடத்துப் பின்னால் கிடக்கும் மூட்டைகளை முதல் வேலையாக, மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும். மணலைச் சலிக்கும் வேலையை ஆனியாடி தொடங்குமுன் ஒரு சுற்றும், கடல் அடங்கி மணல் திரும்பியபின் ஒரு சுற்றுமாக, குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் திட்டமிட்டு நிதி ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறோம். சலிக்க ஆள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். கூலியும் கருவியும் அரசு தர வேண்டும். தங்கள் அலுவலர் நேரில் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், எந்தெந்த இடத்தில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று கரைமடி இழுக்கும் பெரியவர்கள் கூட வந்து காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், மூட்டைகளின் புகைப்படங்கள், கரை மணலிலிருந்து சலித்தெடுத்த குருணை, ஒரு பாட்டில்.

நகல்: மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்; மீன்வளத் துறை; மாவட்ட வன அலுவலர்.