ராத்திரி முழிச்சுக்கிட்டா யாரை எழுப்புவே?

எங்கள் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்காக ஓடிவந்த எல்லோருக்கும்,

41 பேரும் நலம். நடந்ததை மறுபடி எழுதத் தெம்பில்லை, உங்களுக்கே தெரியும். வண்டி கொடுத்தவர்கள், போர்வை கொண்டுவந்தவர்கள், பாதி ராத்திரியில் போனை எடுத்த மருத்துவர், கேட்டதும் இடம் தந்த இரண்டு இல்லத்தார், உங்களைத் தனித்தனியாகச் சொல்லாததற்குக் கோபிக்காதீர்கள். இந்த மடலில் முக்கால்வாசி, பட்டியல் எழுத வந்த அந்தத் தங்கைக்கு. பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளை இரண்டு இடமாகப் பிரித்தே ஆகவேண்டியிருந்தது. கூடப்பிறந்தவர்களை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவர்களை வயதுப்படி எழுதச் சொன்னேன். உடன்பிறந்தாரைப் பிரிக்கலாகாது என்று பெற்றோர் பராமரிப்பில்லாத பிள்ளைகளுக்காக 2009இல் ஐ.நா. பொதுச்சபை வரவேற்ற வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன, அதுவரை செய்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டுப் பிள்ளைகள் நடுவில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "ராத்திரி முழிச்சுக்கிட்டா யாரை எழுப்புவே?"

ஒருவரும் யோசிக்கவில்லை. என்னிடம் வாயே திறக்காத சின்னவன் நேராகப் போய் ஒரு பதினாலு வயசுக்காரனின் சட்டையைப் பிடித்தான். பதிவேட்டில் நான் 'முரடன்' என்று எழுதிவைத்திருக்கும் பையன். "நாலு மாசமா எழுப்பறான்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. என்னிடம் சொன்னால் கட்டிலை மாற்றிவிடுவேன் என்று பயந்தார்களாம். மாற்றித்தான் இருப்பேன்.

தாளின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுதினார். வண்டிகள் அதன்படிதான் கிளம்பின.

1945இல் நாஜி முகாமிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த ஆறு குழந்தைகளைப் பற்றிப் பயிற்சியில் படித்திருக்கிறேன். மூன்று வயசுதான் இருக்கும். பெரியவர்களை அண்டவிடாமல், தங்களில் ஒருவர் கண்ணில் படாவிட்டால் தவித்துப்போவார்களாம். குழந்தை மனத்தை ஆராய்ந்த அன்னா ஃபிராய்ட் எழுதியது. தேர்வில் அதற்கு நல்ல மதிப்பெண்கூட வாங்கினேன். இங்கே பதினோரு வருஷமாக இருந்தும் ஒரு பிள்ளையிடமாவது இப்படிக் கேட்கத் தோன்றவில்லையே!

இனி மாதத்துக்கு ஒருமுறை கேட்பேன். மாறும் பதிலையும் எழுதிவைப்பேன். 'முரடன்' என்பதை அன்றைக்கே அடித்துவிட்டேன்.

நேற்று பெரியவனுடன் போனில் பேசினேன். புது இடத்தில் சின்னவன் ராத்திரி இரண்டு தடவை எழுப்பிவிட்டானாம், தூக்கமே இல்லையாம். சலித்துக்கொண்டுதான் சொன்னான். வேறு கட்டில் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார்" என்று போனை வைத்துவிட்டான்.