வாஷிங் ரூம் அக்காவுக்கும் கூட நின்றவர்களுக்கும்

நடந்தது என்ன என்று இதைப் படிக்கிற பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்லும் தெம்பு இப்போதைக்கு எங்கள் லேபில் யாருக்கும் இல்லை. ஒரே வரியில்: செல்களில் அழற்சியை அளக்கும் எங்கள் சோதனை நான்கு மாதமாக வாரத்துக்கு ஒரு முடிவு காட்டியது, குற்றவாளி லேபின் தண்ணீர் கேன். நேற்று மாலை கடைசி எலைசா தட்டைப் படித்தோம். அழற்சிப் புரதம் இருந்தால் குழியில் மஞ்சள் நிறம் காட்டும் சோதனை அது. செல்லைத் தூண்டும் ஏ.டி.பி. என்ற வேதிப்பொருளை மட்டும் கொடுத்த மூன்று குழிகளிலும் மஞ்சள் ஏறவில்லை, ஏறவும் கூடாது. ஆய்வேடு பிழைத்தது, கட்டுரையும் பிழைத்தது. நிம்மதி ஆறிப்போவதற்குள் இந்த மடலை எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி வாஷிங் ரூம் அக்காவுக்கு. தான் எதுவும் விசேஷமாகச் செய்யவில்லை என்றுதான் அவர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் செய்தது இதுதான்: இருபது லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு வெள்ளை டேப் கிழித்து, பால்பாயின்ட் பேனாவால் தேதியும் கேன் எண்ணும் எழுதி ஒட்டுவார். அடுத்த முறை நிரப்பும்போது பழைய டேப்பை உரிப்பார். உரித்ததைக் குப்பையில் போடாமல், எந்தக் கேனைக் கழுவும் முறை வந்திருக்கிறது என்று நினைவிருக்க, அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் வரிசையாக ஒட்டி வைப்பார். சில டேப்புகளில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டே சொல்: ‘அடி இருக்கு’. அதாவது கேனைக் காலி செய்து கழுவாமல், அடியில் கிடந்த பழைய தண்ணீரின் மேலேயே நிரப்பியிருக்கிறது. சுத்திகரிப்புக் கருவி சொட்டுச் சொட்டாகத் தந்த வாரங்களில், அப்படி நிரப்பிக்கொள்ளச் சொன்னதும் நாங்கள்தான்.

அந்த இரண்டு சொல் ஏன் எங்களைக் காப்பாற்றியது என்று விளக்க வேண்டும். அழற்சி ஆய்வில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இது பயன்படும்.

மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்லிலிருந்து இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் வெளிவர இரண்டு தூண்டல் வேண்டும். முதலில் பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற பொருளைக் கொடுக்கிறோம். மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம், நான்கு மணி நேரம். செல் அந்தப் புரதத்தின் முதிராத வடிவத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. பிறகு 5 மில்லிமோலார் ஏ.டி.பி., அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை. அப்போது செல்லுக்குள் என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு கூடி, காஸ்பேஸ்-1 என்ற நொதி 31 கிலோடால்டன் எடையுள்ள அந்தப் புரதத்தை 17 ஆக வெட்ட, அது வெளியே வருகிறது. முதல் தூண்டல் இல்லாமல் ஏ.டி.பி. மட்டும் கொடுத்தால் வெட்டுவதற்குச் சரக்கே இருக்காது. குழி வெறுமையாக இருக்க வேண்டும். எங்கள் தட்டுகளில் சில வாரம் வெறுமையாக இருந்தது, சில வாரம் மஞ்சளாக நின்றது. பரிசோதித்த மருந்து சில வாரம் அழற்சியைக் குறைத்தது, சில வாரம் ஏற்றியது.

இப்படி ஆகும்போது எல்லோரும் சந்தேகப்படுவதையே நாங்களும் சந்தேகப்பட்டோம். ஏ.டி.பி. கரைசலின் அமிலத்தன்மை சரியாகத் திருத்தப்படவில்லையோ, செல்களுக்கு ஊட்டும் சீரத்தின் லாட் மாறியதோ, செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா புகுந்ததோ. எல்லாம் சுத்தம். தண்ணீர் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. கருவியின் முகப்பில் 18.2 மெகாஓம் என்று பச்சை எழுத்தில் மின்னுகிறதே! ஆனால் அந்த எண் தண்ணீரில் அயனிகள் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். பாக்டீரியாவின் சுவரிலிருந்து கழன்ற எண்டோடாக்சின், அதாவது அதே எல்.பி.எஸ்., செல்லை எழுப்பப் போதுமான அளவு இருந்தாலும் அந்த எண்ணை அசைக்காது. தவிர, அது கருவியின் வாயில் எடுத்த அளவு. கேனின் குழாயில் எடுத்ததல்ல.

சுத்தமான தண்ணீரில் எதுவும் வளராது என்பது தப்பு நம்பிக்கை. சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்களுக்கு மிகச் சொற்பச் சத்தே போதும். அறை வெப்பத்தில் நிற்கிற தண்ணீரில், குழாயின் உள்வளையத்தில் வழுவழுப்பாகப் படலம் கட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில், செல்களைக் கழுவும் பி.பி.எஸ். உப்புக் கரைசலின் பத்து மடங்கு செறிவை நீர்த்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் பாக்டீரியா சாகும், அதன் எல்.பி.எஸ். சாகாது. 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் பாக்டீரியா தங்கும், எல்.பி.எஸ். தாண்டிப் போகும். அகார் தட்டில் ஒன்றுமே முளைக்காது. பாட்டில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதில் கழுவி முந்தின மாலை தட்டில் இட்ட செல்களோ இரவு முழுக்க முதல் தூண்டலை வாங்கிக்கொண்டு, காலையில் நாம் தயாராவதற்குள் அவை தயாராகி உட்கார்ந்திருக்கும்.

அக்கா அலமாரிக் கதவைத் திறந்து, ‘இது ஏதாச்சும் உதவுமா பாரு பாப்பா’ என்று மாணவியிடம் கேட்ட அன்று, டேப்புத் தேதிகளையும் பி.பி.எஸ். தயாரித்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். மஞ்சள் ஏறிய தட்டுகள் அத்தனையும் இரண்டாம் கேனில் போய் நின்றன. அதிலும் ‘அடி இருக்கு’ என்ற வாரங்களில்.

அதற்குப் பிறகு, எண்டோடாக்சின் இருந்தால் உறைந்து காட்டும் லிமுலஸ் சோதனை ஒரு மணி நேர வேலை. கண்ணாடிக் குழாயில் 0.1 மில்லி மாதிரி, 0.1 மில்லி லைசேட், 37 டிகிரியில் 60 நிமிடம், தொடாமல். நடுவில் எடுத்துப் பார்க்கும் ஆவலில் ஆட்டினால் உறைவு உடைந்து, இருப்பதை இல்லை என்று காட்டும். நேரம் முடிந்ததும் குழாயை ஒரே சீராகத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். இரண்டாம் கேனின் குழாய்த் தண்ணீர், நூறு மடங்கு நீர்த்த பிறகும், கவிழ்த்த குழாயின் அடியில் ஜெல்லாக ஒட்டிக்கொண்டு நின்றது. கருவியின் வாயிலிருந்து நேராகப் பிடித்தது தண்ணீராகவே வழிந்தது. (குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து எடுப்பது அந்த லைசேட். அந்த நண்டுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். நண்டைத் தொடாமல் செய்யும் ரீகாம்பினன்ட் ஃபேக்டர் சி சோதனையும் இப்போது இருக்கிறது. அடுத்த வாங்கலில் அதற்கு மாறுகிறோம்.)

இதில் விழுந்த முதல் லேப் எங்களுடையதல்ல. எல்.பி.எஸ்.ஸை உணரும் ஏற்பி டி.எல்.ஆர்.4 என்று புரூஸ் பாய்ட்லர் குழு 1998-இல் கண்டது. 2011-இல் பாய்ட்லருக்கு நோபல் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பை அடுத்த வருடங்களில், நெருக்கடியில் செல்கள் தயாரிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் அதே ஏற்பியைத் தூண்டுகின்றன என்று கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த அந்தப் புரதங்களோடு ஒட்டி வந்த எண்டோடாக்சினே அவற்றில் பலவற்றுக்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. எத்தனை பேருடைய எத்தனை வருடம் அதில் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. இந்தத் துறையில் பெரிய கண்டுபிடிப்பு போலவே தோற்றம் காட்டும் அழுக்கு இது. ஏனென்றால் நாம் ஆராய்வதும் அதற்கு உடல் காட்டும் எதிர்வினையைத்தான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், குறைத்து மதிப்பிட்டதாக எண்ண வேண்டாம். தங்களிடம் மிச்சமிருந்த லைசேட் குப்பிகளைக் கணக்குக் கேட்காமல் ஐஸ் பெட்டியில் கொடுத்தனுப்பிய பக்கத்துக் கட்டிட நண்பர்கள், டி.எல்.ஆர்.4 இல்லாத எலிகளின் எலும்பு மஜ்ஜையை மாதிரி ஒப்பீட்டுக்குத் தந்த குழு, ஞாயிற்றுக்கிழமையும் கதவு திறந்த விலங்கு மனை ஊழியர்கள், கோப்பினை ஒரே நாளில் நகர்த்திய கொள்முதல் பிரிவு, திருத்தத்துக்கு அவகாசம் தந்த இதழாசிரியர், ராத்திரி பத்து மணிக்கு டீ கொண்டுவந்த கேன்டீன் அண்ணன், அத்தனை பேருக்கும் நன்றி.

இனி இப்படித்தான் என்று நாங்கள் முடிவு செய்திருப்பதை எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறோம், பிறகு சோம்பல்பட முடியாதபடிக்கு.

செல் மேல் படும் எதற்கும் கேன் தண்ணீர் கிடையாது. ஊசிமருந்துக்கான நீர்தான்; அதன் எண்டோடாக்சின் உச்சவரம்பு மில்லிலிட்டருக்கு 0.25 அலகு. விலை கூடுதல்தான், போன நான்கு மாதத்தை விடக் குறைவு. இரண்டாம் கேனைக் காப்பாற்ற முயலவில்லை, தூக்கிப் போட்டாயிற்று. செல் வேலைக்கான கண்ணாடிப் பாட்டில்கள் 250 டிகிரி உலர் அடுப்பில், அந்த வெப்பம் வந்த பிறகு 30 நிமிடத்துக்குக் குறையாமல். நீல மூடியையும் வாய் வளையத்தையும் கழற்றிவிட்டு, வாயை அலுமினியத் தாளால் மூடித்தான் உள்ளே வைக்க வேண்டும். அந்த பிளாஸ்டிக் 140 டிகிரிக்கு மேல் தாங்காது, உருகி அடுப்பே நாறும். அடுப்பு ஆறும்வரை கதவைத் திறக்கக் கூடாது, பாட்டில் விரிசல் விடும். அளவுச் சிலிண்டர்களை அதில் வைப்பதில்லை. அவற்றுக்குப் பதில் கிருமி நீக்கப்பட்டு வரும் பிளாஸ்டிக் பிப்பெட்.

ஒவ்வொரு தட்டிலும் ஏ.டி.பி. மட்டும் உள்ள குழி கட்டாயம். இடம் போதவில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறோம், எல்லா லேபிலும். புரதம் சோதித்தால் அதையே கொதிக்க வைத்து இன்னொரு குழியில்; கொதித்த பிறகும் வேலை செய்தால் வேலை செய்தது பெரும்பாலும் புரதமல்ல. எல்.பி.எஸ்.ஸைப் பிடித்து முடக்கும் பாலிமிக்சின் பி மருந்து சேர்த்த குழியும் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டோம். எல்.பி.எஸ். அதிகமானால் அது திணறும், பாக்டீரிய லிப்போபுரதங்களை அது தொடவே தொடாது.

கட்டுரையின் நன்றியுரைப் பகுதியில் அக்காவின் பெயர் வரும். ஒப்பந்த ஊழியர் பெயரைப் போடும் வழக்கமில்லை என்று ஒருவர் சொன்னார். வழக்கம் இல்லாதது எங்களுக்கும் தெரியும். அவரிடம் சம்மதம் கேட்டு, எப்படி எழுத வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டோம், வெள்ளை டேப்பில்.

அக்கா, அந்தக் கதவில் இனி ஒட்ட இடமில்லை. பழைய டேப்பில் ஒன்றைக்கூட உரிக்க வேண்டாம். இடப்பக்கக் கதவைத் துடைத்துக் காலியாக வைத்திருக்கிறோம்.