ராத்திரி 2 மணிக்கு மேல் வண்டி ஏன் நிற்கும்?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறக்கப் போகிறது. சபரிமலைக்கு வேன் கேட்டு மதுரையிலும் சுற்று ஊர்களிலும் இருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. இந்த சீசனில் புதிதாக ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். ஒரே டிரைவர் போகிற வண்டி ராத்திரி 2 மணியிலிருந்து 5 மணி வரை ஓடாது. பெட்ரோல் பங்க் மாதிரி வெளிச்சமான இடமாகப் பார்த்து நிற்கும். நிற்காமல் போயே ஆக வேண்டும் என்றால் இரண்டாவது டிரைவர் வருவார். அவருக்கும் பேட்டா உண்டு. "இத்தனை வருஷம் இல்லாத வழக்கம் இப்ப எதுக்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ராத்திரி கிளம்பினால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு ராத்திரி 11 மணிக்கே 17 மணி நேர விழிப்பு ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் 0.03-ஐத் தாண்டினாலே போதையில் ஓட்டியதாகக் கேஸ். துளிகூடக் குடிக்காத நல்ல டிரைவரும் இதற்கு விலக்கில்லை.

அதிலும் 2 மணிக்கு மேல் உடம்பே தூக்கத்தைக் கேட்கும். கண் திறந்தபடி இருக்கும்போதே மூளை சில விநாடி அணைந்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்றால் ஏறக்குறைய 90 மீட்டர், பார்ப்பதற்கு ஆளில்லாமல் வண்டி ஓடுகிறது. தூங்கியவர் பிரேக்கும் போடமாட்டார்.

பாட்டை சத்தமாக வைப்பது, கண்ணாடியை இறக்குவது, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். காபி உதவும், ஆனால் வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். அதனால் காபி குடித்த உடனே 20 நிமிஷம் படுக்கச் சொல்லியிருக்கிறோம். அதற்கு மேல் நீண்டால் எழுந்ததும் மந்தமாக இருக்கும். வழியில் டிரைவர் அப்படி ஓரம் கட்டினால் தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

திரும்பும் பயணம்தான் எங்களுக்குப் பெரிய கவலை. நீங்கள் மலையேறி இறங்கும் வரை டிரைவர், வண்டிகளை நிறுத்தும் நிலக்கல்லில் ஓய்வில் இருந்ததாக நினைப்பீர்கள். பகல் வெயில், ஹாரன், மைக் அறிவிப்பு, வண்டியை நகர்த்தச் சொல்லி ஜன்னலைத் தட்டும் ஆட்கள் இத்தனைக்கும் நடுவில் சீட்டில் சாய்ந்து கிடப்பது தூக்கமே இல்லை. இறங்கி வந்ததும் "தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் தூங்கவிட்டு அப்புறம் கிளம்புங்கள். ஜலதோஷ மாத்திரை போட்டாரா என்றும் கேளுங்கள். அவற்றில் பல தூக்கம் வரவழைப்பவை.

முன் சீட்டில் குருசாமி உட்காருவது மரியாதை, சரி. ஆனால் மலையேறிய களைப்பில் முதலில் கண் அசருபவரும் அவர்தான். ராத்திரியில் விழித்திருக்கக்கூடிய ஒருவரை அங்கே மாற்றுங்கள். டிரைவர் அடிக்கடி கொட்டாவி விட்டாலோ, திருப்பத்தைத் தவறவிட்டாலோ, வண்டி கோட்டைத் தாண்டி ஒதுங்கினாலோ நிறுத்தச் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.

இரண்டாவது டிரைவர் வேண்டுமா என்பதை புக் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள். சீசனில் கடைசி நேரத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம். ராத்திரி வண்டி நிற்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு வெயிட்டிங் சார்ஜ் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் டிராவல்ஸ்