கிளாக்குக்கு முதலில் இடம் கொடு

சென்னை
கார்த்திகை, ஞாயிறு

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்தது. போத்தனூர் ரயில்வே வொர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ரிலேயும் டிராக் சர்க்யூட்டுமாக ஓடிய உனக்கு இனிமேல் ராத்திரி அழைப்பு கிடையாது. கமலாவின் முழங்கால் தேறி வருகிறது என்பதும் நல்ல செய்தி. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்து, ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நீ கட்டுகிற டிஜிட்டல் பாட்டுப் பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். சூட்டைச் சீராக வைத்துத் துடிப்பு பிசகாமல் காக்கும் ஓவன் கிரிஸ்டல் ஆசிலேட்டர் ஒன்றை வரவழைத்து, உன் ஊதா நிற பிசிஎம்5102ஏ டாக் (டிஜிட்டல் எண்களைப் பாட்டலையாக மாற்றும் சிப்) பலகையின் எஸ்சிகே காலில், அதாவது சிஸ்டம் கிளாக் நுழையும் காலில், இணைத்துவிட்டால் ஜிட்டர், அதாவது கிளாக் துடிப்பின் நேரப் பிசகு, ஒழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். ஆர்டரை நிறுத்தி வை. ஆசிலேட்டர் எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும் அந்த இடத்தில் அது உனக்கு உதவாது. அந்த டாக் சிப்புக்கு வருகிற சிஸ்டம் கிளாக்கும் (சிப்பின் உள்வேலையை நடத்தும் துடிப்பு) பிட் கிளாக்கும் (டேட்டாவின் ஒவ்வொரு பிட்டையும் கூட்டி வரும் துடிப்பு) ஒரே மூலத்திலிருந்து பிறந்தவையாக இருக்க வேண்டும். உன் பெட்டியில் பிட் கிளாக்கை உண்டாக்குவது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். சிஸ்டம் கிளாக் மட்டும் தனிக் கிரிஸ்டலிலிருந்து வந்தால் இரண்டும் மெல்ல மெல்ல விலகிப் போகும். ஒரு கட்டத்தில் சிப் தடுமாறி மறுபடியும் தன்னை ஒத்திசைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பலகையில் எஸ்சிகே காலை கிரவுண்டோடு சேர்க்கச் சொல்கிறார்கள். அப்போது சிப் தனக்குள் இருக்கும் பிஎல்எல் என்ற, ஒரு துடிப்பைப் பின்பற்றி இன்னொரு வேகத் துடிப்பைச் செய்யும் சர்க்யூட்டைக் கொண்டு பிட் கிளாக்கிலிருந்தே தனக்கு வேண்டிய கிளாக்கைச் செய்துகொள்கிறது. ஆக, பை அனுப்பும் பிட் கிளாக் எப்படியோ அப்படித்தான் உன் பாட்டும்.

அந்த பிட் கிளாக் எப்படிப் பிறக்கிறது என்று பார். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கு, ஒரு சாம்பிளுக்கு (அலையின் ஓர் அளவு) 64 பிட் கிளாக் வீதம் வேண்டியது 2.8224 மெகாஹெர்ட்ஸ். உன் பை 3-இல் இதற்கு மூலம் 500 மெகாஹெர்ட்ஸ் பிஎல்எல். 500-ஐ 2.8224-ஆல் வகுத்துப் பார், 177.15 சொச்சம் வரும். பின்னத்தில் எண்ண சர்க்யூட்டுக்குத் தெரியாது. பெரும்பாலும் 177 துடிப்பு எண்ணும், ஆறேழு சுற்றுக்கு ஒரு தடவை 178 எண்ணும். சராசரி சரியாக இருக்கும், வேகம் மாறாது, சுருதி மாறாது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் துடிப்பின் விளிம்புகள் விழ வேண்டிய இடத்திலிருந்து 2 நானோ விநாடி வரை முன்பின்னாக விழுகின்றன. உன் ஜிட்டரின் பெரும்பகுதி இதுதான். இது பையின் வகுத்தல் முறையிலேயே இருக்கிற விஷயம், எந்த ஆசிலேட்டரை வெளியே கட்டினாலும் போகாது.

இதனால் சத்தத்துக்கு என்ன ஆகிறது? அலை சரிவாக ஏறும் இடத்தில் நேரம் தவறினால் மட்டம் தவறும். அலை எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு தவறும். 10 கிலோஹெர்ட்ஸ் முழு அளவு சைன் அலையில் 1 நானோ விநாடி ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) ஜிட்டர் இருந்தால் அது உண்டாக்கும் இரைச்சல் சுமார் −84 டெசிபலில் நிற்கும். 20 கிலோஹெர்ட்ஸில், 16 பிட்டின் கடைசிப் படியில் பாதிகூட நகரக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் 121 பிகோ விநாடிக்குள் இருக்க வேண்டும். ஆசிலேட்டர் விற்கிறவர்கள் சொல்லும் பிகோ விநாடிக் கதைகளுக்கு அடிப்படை இந்தக் கணக்குதான். கணக்கு சரி.

ஆனால் காது வேறு கணக்கு வைத்திருக்கிறது, அதையும் நீ தெரிந்துகொண்டுதான் பணத்தை எடுக்க வேண்டும். டால்பி கம்பெனியில் பெஞ்சமினும் கேனனும் 1998-இல் ஆட்களை உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். தூய தொனியில், அதுவும் மிக உயர்ந்த ஸ்தாயியில், 10 நானோ விநாடி அளவில்தான் கண்டுபிடிக்க முடிந்தது; இசையில் இன்னும் அதிகம் வேண்டியிருந்தது. ஜப்பானில் அஷிஹாராவும் அவர் கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இசையோடு கலந்த தாறுமாறான ஜிட்டர் பல நூறு நானோ விநாடி இருந்தால்தான் கேட்பவர்களுக்குத் தெரிந்தது. உன் பை செய்வது 2. நம் இருவருக்கும் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதும் இப்போது சந்தேகம். ஆகவே ஆசிலேட்டரை மாற்றியதும் வீணையின் மீட்டு தெளிந்துவிட்டது, மிருதங்கத்தின் தொப்பி ஆழமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் ஒலி மட்டம் மாறியிருக்கிறதா, கிரவுண்ட் இணைப்பு மாறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

அப்புறம் எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். நாமே செய்கிற கருவி, முறையாகச் செய்தால் என்ன? முறையாகச் செய்வதற்குப் பெரிய செலவும் இல்லை. கிளாக்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தாளம் போடுகிறவர் மேடையில் பாடகர் பக்கத்தில் உட்கார வேண்டும். வாசலில் உட்கார்ந்து போட்டு, ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினால் கச்சேரி நடக்காது. டாக் சிப்பின் பக்கத்தில் கிளாக் இருக்கட்டும். பை அதைக் கேட்டு, அது சொல்கிற நேரத்துக்கு டேட்டாவைத் தரட்டும்.

5102ஏ-ஆல் இது முடியாது, அது எப்போதும் பிறர் கிளாக்குக்கு ஓடுகிற சிப். அதே குடும்பத்தில் பிசிஎம்5122 முடியும். அதற்குப் பக்கத்தில் இரண்டு ஆசிலேட்டர்கள் வை: 44.1 வகைக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 வகைக்கு 24.576. இரண்டுமே அந்தந்த சாம்பிள் வீதத்தின் 512 மடங்கு. முழு எண்ணால் வகுபடும், 177-க்கும் 178-க்கும் இடையே ஊசலாட வேண்டியதில்லை. எது ஓட வேண்டும் என்பதைச் சிப்பின் கால்களே தேர்வு செய்யும்படி இணைத்துவிடு. மற்றது அணைந்தே கிடக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒன்றின் சாயல் இன்னொன்றில் ஏறும். பைக்கு ஒலிப் பலகை செய்யும் ஹைஃபைபெர்ரி கம்பெனியின் டாக் பிளஸ் புரோ பலகை இப்படித்தான் செய்யப்பட்டது. பையின் டிரைவரும் தயாராக இருக்கிறது, நீ நிரல் எழுத வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பையின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அந்தப் பலகைக்கான வரியின் கடைசியில் ‘ஸ்லேவ்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் பலகை தன் ஆசிலேட்டர்களை விட்டுவிட்டு பையின் கிளாக்குக்கு ஓடும். சொல்லை எடுத்துவிட்டால் மறுபடியும் அதுவே எஜமான். அதே சிப், அதே பவர் சப்ளை, அதே வயர்; மாறுவது கிளாக் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும். நான் ஜூலியன் டன் ஜிட்டரை அளப்பதற்கென்று வகுத்த ஜே-டெஸ்ட் சிக்னலை ஓடவிட்டு, யூஎஸ்பி சவுண்ட் கார்டில் பதிந்து, ஸ்பெக்ட்ரம் (எந்த ஸ்தாயியில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) எடுத்துப் பார்த்தேன். 44.1-க்கு அது 11.025 கிலோஹெர்ட்ஸ் தொனி. கூடவே கடைசி பிட் மட்டும் சுமார் 230 ஹெர்ட்ஸில் மாறி மாறி அடிக்கும். ஸ்லேவில் தொனியின் கோடு அடியில் பருத்து இரண்டு பக்கமும் சரிந்திருந்தது. சொல்லை எடுத்ததும் அடி ஒடுங்கிக் கோடு நிமிர்ந்து நின்றது. காதுக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது, அந்த நிமிர்ந்த கோட்டைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படிக்கிற விதம் சொல்கிறேன். அந்தத் தொனியின் இருபுறமும் ஜோடியாக நிற்கும் சைட்பேண்ட் கோடு ஒவ்வொன்றும் தொனிக்குக் கீழே −89 டெசிபலில் இருந்தால் ஜிட்டரின் உச்சம் ஏறக்குறைய 1 நானோ விநாடி. −109-க்கு இறங்கினால் 100 பிகோ விநாடி. ஜோடி 100 ஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் காரணம் மின்சாரம்: நம் 50 ஹெர்ட்ஸ் ரெக்டிஃபையரைத் தாண்டி வந்த சிற்றலை கிளாக்கில் ஏறியிருக்கிறது. 230 தள்ளி நின்றால் டேட்டாவே கிளாக்கைத் தொந்தரவு செய்கிறது. பதிகிற கார்டின் கிளாக்கும் படத்தில் சேர்ந்து வரும், ஆகவே மிக நுண்ணிய வித்தியாசங்களை நம்பாதே. கார்டும் டாக்கும் ஒரே கிளாக்கில் ஓடாததால் ஸ்பெக்ட்ரம் எடுக்கும்போது பதிவின் முனைகளை மெல்ல மங்கச் செய்யும் பிளாக்மேன்-ஹாரிஸ் விண்டோ வைத்துக்கொள், இல்லாவிட்டால் விண்டோவின் கசிவையே ஜிட்டர் என்று நினைக்கத் தோன்றும்.

ஆசிலேட்டர் வாங்கும்போது ஒரு விஷயம் கவனி. டேட்டாஷீட்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் ஜிட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் ‘12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை’ என்று இருக்கும். அது தொலைத்தொடர்புக்காரர்களுக்கான அளவு. நமக்கு வேண்டிய பகுதி பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிறது. அந்த எண் அதை எண்ணவே இல்லை. ஃபேஸ் நாய்ஸ் (துடிப்பின் நேர நடுக்கம்) வரைபடம் கொடுத்திருந்தால் 10 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் இடங்களைப் பார். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிசகு) எண்ணைப் பார்த்து மயங்காதே. 50 பிபிஎம் தவறினால் ஒரு மணி நேரப் பாட்டு 0.18 விநாடி முன்பின்னாக முடியும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஓவனும் ருபீடியம் அணுக் கடிகாரமும் கெட்டிக்காரத்தனம் காட்டுவது நாள் கணக்கில் நேரம் பிசகாமல் இருப்பதில். அது ஆய்வகத்துக்கும் டெலிகாமுக்கும் தேவை, பாட்டுக்கு இல்லை.

நான் போட்டது என்டிகே கம்பெனியின் என்இசட்2520எஸ்டி வகை ஆசிலேட்டர். 2.5-க்கு 2 மில்லிமீட்டர், அரிசியில் பாதிகூட இல்லை. பூதக் கண்ணாடி இல்லாமல் தொடாதே. பேடுகளில் முதலில் மெல்லிசாக ஈயப் பற்று ஏற்றி, ஃப்ளக்ஸ் தடவி, சூடான காற்றில் கீழிருந்து சூடாக்கினால் தானாகவே தன் இடத்தில் வந்து உட்காரும், சாமணத்தால் அழுத்தாதே. வெளிவரும் காலுக்கு ஒட்டி 33 ஓம் ரெசிஸ்டர். அங்கிருந்து சிப்புக்கு ஓரிரு சென்டிமீட்டர் தடம் போதும், அடியில் கிரவுண்ட் பிளேன் எங்கும் வெட்டுப்படாமல் ஓடட்டும். மின்சாரம் தனியாக எல்டி3042 ரெகுலேட்டர் மூலம். அதன் இரைச்சல் 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை 0.8 மைக்ரோவோல்ட். நம் 7805 ரெகுலேட்டர் இதன் பக்கத்திலேயே வராது. மின்சாரச் சிற்றலையை விழுங்கும் டீகப்ளிங் கெப்பாசிட்டரை ஆசிலேட்டரின் காலிலேயே வை. பேட்டரி போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம், ஆனால் பேட்டரியிலிருந்து வருகிற நீள வயர் அதன் நன்மையைத் தின்றுவிடும். நல்ல ரெகுலேட்டர் பக்கத்திலேயே இருப்பது மேல்.

பழைய டிடிஏ1543 டாக் பலகையை நீ தூக்கிப் போடவில்லை என்று படித்ததும் மகிழ்ச்சி. அதில் மாஸ்டர் கிளாக் (சிஸ்டம் கிளாக்) காலே கிடையாது, பிட் கிளாக்கின் விளிம்புதான் எல்லாம். எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்பு வழியாக அதற்கு டேட்டா போவது எனக்கு எப்போதுமே பிடிக்கவில்லை. ஒரே கம்பியில் டேட்டாவும் நேரமும் கலந்து போகும்போது, பாட்டின் பிட்டுகளுக்கு ஏற்ப மீட்டெடுத்த கிளாக் நகர்கிறது. கிறிஸ் டன்னும் ஹாக்ஸ்ஃபோர்டும் 1992-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அந்தப் பலகைக்கு அசிங்க்ரனஸ் யூஎஸ்பி ரிசீவர் ஒன்று போடு. அங்கே கிளாக் ரிசீவரிடம் இருக்கும், கம்ப்யூட்டர் அது கேட்கிற வேகத்தில் டேட்டாவை அனுப்பும். நடுவில் ஐசொலேட்டர் (மின் இணைப்பைப் பிரித்து சிக்னலை மட்டும் கடத்தும் சிப்) வைத்தால் அதற்குப் பின்னால் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பில், நல்ல பக்கத்து கிளாக்கால், பிட் கிளாக்கை மறுபடி தட்டி எடு; ஐசொலேட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் ஜிட்டர் சேர்க்கும்.

தை பிறந்ததும் உன் அண்ணன் பெண் கல்யாணத்துக்கு இங்கே வருவாய் அல்லவா? பலகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வா. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 5122 இப்போது கிடைக்கிறதா என்று இந்த வாரம் விசாரித்து வைக்கிறேன், இல்லாவிட்டால் என்னிடம் இருக்கும் உபரிப் பலகையைத் தருகிறேன். அதற்குள் உன் 5102ஏ-யில் ஜே-டெஸ்டை ஓடவிட்டு 24 பிட்டில் பதிந்து எனக்கு அனுப்பு. எஸ்சிகே கிரவுண்டில் இருக்கிறதா என்பதை மீட்டரில் பார்த்துவிட்டுப் பதி.

கமலாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
ரகு