அம்மாவைத் தேற்றி அனுப்பியவர்களுக்கு

அம்மா வீடு திரும்பி, பிடிமானம் இல்லாமல் நடக்கிறார். யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று யோசித்தால், நாங்கள் முகம்கூடப் பார்த்திராத லேப் ஊழியர்தான் நினைவுக்கு வருகிறார். ரிப்போர்ட் அச்சாகி வரட்டும் என்று விடாமல், "பொட்டாசியம் 2.3 தான் இருக்கு" என்று வார்டுக்கு உடனே போன் செய்தவர் நீங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்குக் கீழே இறங்கினாலே குறைவு, 2.5க்கும் கீழே போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். பார்க்க வந்தவர்களோ வாந்தி, பேதியால் வந்த அசதி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

டியூட்டி டாக்டர் அவர்களே, ஈசிஜி தாளில் விரல் வைத்துக் காட்டினீர்கள். மேடாக நிற்க வேண்டிய டி அலை தட்டையாகக் கிடந்தது. அதை ஒட்டி யு அலை என்று புதிதாக ஒரு சின்ன மேடு. குறைந்ததை ஏற்றியதோடு நீங்கள் நிறுத்தியிருக்கலாம். "சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் அப்படியே எடுத்துட்டு வாங்க" என்றீர்கள். விஷயம் அந்தப் பையில்தான் இருந்தது. பிரஷருக்காக வருடக்கணக்கில் போட்டுவந்த, நீர் பிரியவைக்கும் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பேதி வந்ததும் மிச்சமும் போய்விட்டது. மக்னீசியத்தையும் பார்க்கச் சொன்னீர்கள். அது குறைந்திருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் சிறுநீரகம் பிடித்து வைக்காதாம். அம்மாவுக்கு அதுவும் குறைவு!

இரவு நர்ஸ் அக்காவுக்குத் தனி நன்றி. பொட்டாசியம் டிரிப்ஸ் ஏறும் கை எரிகிறது என்று அம்மா முனக, "சீக்கிரம் ஏத்தி முடிச்சிடுங்களேன்" என்று மாமா நச்சரித்தார். "இதை மட்டும் அவசரப்படுத்தக் கூடாதுங்க, வேகமாப் போனா இதயமே நின்னுடும்" என்றீர்கள். மாமா அப்புறம் வாயே திறக்கவில்லை. மணிக்கு 10 மில்லிமோல் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு) என்ற கணக்கு தாண்டாமல், மானிட்டரில் ஒரு கண் வைத்தபடியே இருந்தீர்கள். எரிச்சல் என்றதும் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தீர்கள்.

மருந்தகத் தம்பி, பொட்டாசியம் சிரப்பை நிறையத் தண்ணீரில் கலந்து சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொன்னீர்கள். அம்மா இன்னும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடிக்கிறார். மிச்சம் இருந்தால் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறிவிடும் என்றும் எச்சரித்தீர்கள். பாட்டிலின் மேலேயே அதை எழுதி ஒட்டிவிட்டோம்.

பிரஷர் மாத்திரையை மாற்றியாகிவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது பொட்டாசியம் 4.1. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் கொடுக்க வருகிறோம். உங்கள் எல்லோரையும் பார்க்காமல் கிளம்பக் கூடாது என்று அம்மா உத்தரவு.

நன்றியுடன்,
அம்மாவும் பிள்ளைகளும்