தறிக்குழியை வரைபடத்தில் காட்டுங்கள்

சேலத்தில் ஏழை எளியவர்களுக்கு வீடு கட்டும் வாரியங்களின் பொறியாளர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பழைய அடுக்கு வீடுகளை இடித்துக் கட்டினாலும் சரி, ஓடைப் புறம்போக்கில் இருப்பவர்களுக்குப் புதிதாகக் கட்டினாலும் சரி, உங்கள் வரைபடம் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. சுமார் 400 சதுர அடிக்குள் இவை அடங்கிவிட்டால் வீடு முடிந்தது. அதற்குள் இருப்பவர்கள் என்ன வேலை செய்து சாப்பிடப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சேலத்தில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் அம்மாப்பேட்டைத் தறிக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் பக்கத்து வீடுகளில் முன் அறை தறிக்குத்தான். மிதிப்பலகையை மிதிக்கக் கால் தொங்கவிடும் குழி தரையிலேயே வெட்டியிருக்கும். அடுக்கு வீட்டின் மூன்றாவது மாடியில் அந்தக் குழியை எங்கே வெட்டுவது? கீழ்வீட்டுக்காரர் தலைமேலா? விசைத்தறியை மேலே ஏற்றினால் கட்டடமே அதிரும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசு வேலை செய்பவர்கள் கதையும் இதேதான். வெள்ளியைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊத நெருப்பு வேண்டும், புகை போக வழி வேண்டும். படுக்கையறை என்று நீங்கள் போட்ட இடத்தில் அவர்கள் பட்டறை போடுவார்கள். அப்புறம் 'விதிமீறல்' என்று நோட்டீஸ் வரும்.

அரசு வீடு கட்டித் தரும் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தில் 1869-லேயே லிவர்பூல் நகராட்சி தொழிலாளர்களுக்கு வீடு கட்டியது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது லண்டன் கிழக்குப் பகுதியில் நடந்ததை. ஓல்ட் நிக்கல் என்ற நெருக்கமான சேரியை 1890-களில் தரைமட்டமாக்கி, அங்கே பவுண்டரி எஸ்டேட்டைக் கட்டினார்கள். 1900-ல் இளவரசரே வந்து திறந்தார். அழகான செங்கல் கட்டடங்கள். நடுவே ஒரு வட்ட மேடு, அதிலிருந்து நாலாபக்கமும் தெருக்கள். அந்த மேடே இடித்த வீடுகளின் இடிபாடுதான்! வீட்டிலேயே தொழில் செய்தவர்கள் அங்கே நிறைய என்பதால் பட்டறைகளும் கட்டினார்கள். அந்த அளவுக்கு யோசித்தவர்கள்தான். ஆனால் வாடகை எட்டவில்லை. வெளியேற்றப்பட்ட 5,719 பேரில் புது வீட்டுக்குத் திரும்பியவர்கள் 11 பேர் என்று கணக்கு. மற்றவர்கள் பக்கத்துத் தெருக்களில் போய் நெருக்கியடித்தார்கள். கட்டடம் தேறியது, குடியிருந்தவர்கள் தேறவில்லை.

பம்பாயில் வேறு விதமான தப்பு. 1896 பிளேக்குக்குப் பிறகு மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. 1920-களில் ஆலைத் தொழிலாளர்களுக்காக பி.டி.டி. சால்கள் என்ற ஓரறை அடுக்குக் குடியிருப்புகள் எழும்பின. ஊருக்குள் வரும் பருத்திப் பொதிக்கு ஒரு ரூபாய் வரி போட்டுப் பணம் திரட்டினார்கள். 50,000 வீடு என்று கிளம்பியது, மூன்றில் ஒரு பங்கோடு நின்றது. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடியில் ஓர் அறை, தளத்துக்குப் பொதுக் கழிப்பறை. ஆரம்பத்தில் பல அறைகளுக்கு ஆளே வரவில்லை, சிலவற்றைச் சிறையாகக்கூடப் பயன்படுத்தினார்கள். இருந்தும் அந்த நீள நடையும் கட்டடங்களுக்கு நடுவில் இருந்த மைதானமும் பின்னாளில் ஒரு தெருவின் வாழ்க்கையைத் தாங்கின.

ஆஸ்திரியாவின் வியன்னா ஒன்றுதான் ஓரளவு சரியாகச் செய்தது என்பேன். வீடு கட்டப் பணம் வேண்டி 1923-ல் வீட்டு வரி போட்டார்கள், பெரிய வீட்டுக்காரர்களுக்கு அதிகம். கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு 1930-ல் முடிந்தபோது 1,382 வீடுகள். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கட்டிவிட்டு, மீதியை முற்றமாக விட்டார்கள். சலவைக்கூடமும் குழந்தைகள் பள்ளியும் உள்ளேயே.

பொது இடம் விடுவதைக் கற்றுக்கொள்ள வியன்னாவுக்குப் போக வேண்டியதில்லை. நம்மிடம் பாவடி இருக்கிறது. பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, விரித்துக் கஞ்சி போட நீளமான இடம் வேண்டும், எந்த வீட்டிலும் அது கிடைக்காது. அதனால் தறிக்காரர்கள் தெருக்களுக்கு நடுவே பொது நிலம் விட்டு வைத்தார்கள். பஞ்சாயத்து கூடியதும் அங்கேதான். வேலைக்கென்று விட்ட இடம் என்பதால்தான் அது பிழைத்தது. வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதி விட்டிருந்தால் என்றைக்கோ பைக் நிறுத்துமிடம் ஆகியிருக்கும்.

நம் மாநிலத்தில் வீட்டுவசதி வாரியம் 1961-லும் குடிசை மாற்று வாரியம் 1970-லும் வந்தன. 2021-ல் பின்னதன் பெயரும் மாறியது. ஆரம்பகாலக் குடியிருப்புகளை நான் குறை சொல்ல மாட்டேன். தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிப்ட் இல்லை, கூப்பிட்டால் கேட்கும் உயரம். 1970-களின் கடைசியில் சென்னை அரும்பாக்கத்தில் இன்னொன்று செய்தார்கள்: மனை, குடிநீர், கழிப்பறை இவற்றை மட்டும் கொடுத்து, வீட்டை அவரவர் வசதிக்குக் கட்டிக்கொள்ள விட்டார்கள். தறிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் கிடையாது. நிலம் விலையேறிவிட்டது என்று ஒரே வரியில் அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. இதே அரசு கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. தறி போட முடியாத வீட்டையும் அதே அரசே தருகிறது. மாடி வீட்டுக்குக் குடிபோனவர் தறியை விற்றுவிட்டு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறார். எங்கள் உறவிலேயே அப்படி ஒரு வீடு உண்டு.

ஆகவே கேட்பது இதுதான். பயனாளிப் பட்டியல் எடுக்கும்போதே தொழிலையும் எழுதுங்கள். தரைத்தளத்தைக் குலுக்கலில் விடாமல் தறிக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள், முன் அறையில் குழிக்கு இடம் விட்டே கான்கிரீட் போடுங்கள். கொலுசு வேலைக்குப் புகைபோக்கியுள்ள பொதுப் பட்டறை ஒன்று வேண்டும். வளாகத்தின் நடுவே ஒரு பாவடி, பத்திரத்திலேயே குடியிருப்போர் சங்கத்தின் பேரில். பயனாளி கட்ட வேண்டிய பங்கை மாதத் தவணையாக வாங்குங்கள், மொத்தமாகக் கேட்டால் லண்டன் கணக்குதான் இங்கேயும். இடிக்கும் வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் மாநகராட்சி வாசலில் ஒட்டுங்கள்.

டெண்டர் விடும் முன்பு வரைபடத்தை எங்கள் பாவடியில் விரித்துக் காட்டுங்கள். திருத்தம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டைவாசி ஒருவன்