தளவாடத் தேர்வில் மங்கல் தர்க்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவத் தளவாடக் கொள்முதல் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை தாமதத்தையும் தரகர்களையும் விரிவாகப் பேசியது; தேர்வு முறைக்குள்ளேயே இருக்கும் ஒரு குறையைத் தொடவில்லை.

126 போர் விமானங்களுக்காக 2007-இல் நம் அரசு விட்ட டெண்டரில் ரஃபேல், யூரோஃபைட்டர், எஃப்-16, எஃப்/ஏ-18, மிக்-35, கிரிப்பன் ஆகிய ஆறு விமானங்கள் போட்டியிட்டன. ஜெய்சல்மேரின் வெயிலிலும் லேயின் உயரத்திலும் அவற்றைப் பறக்கவிட்டு, 600-க்கும் மேற்பட்ட அளவுகோல்களில் சோதித்தார்கள். அத்தனை உழைப்பும் கடைசியில் 'தேறியது', 'தேறவில்லை' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்டது. 2011 ஏப்ரலில் தேறிய ரஃபேல், யூரோஃபைட்டர் இரண்டில் எது எவ்வளவு மேல் என்ற கேள்விக்கு அதன்பின் இடமில்லை. 2012 ஜனவரியில் விலை குறைவு என்பதால் ரஃபேல் முந்தியது. (2015-இல் அந்த டெண்டரே கைவிடப்பட்டது வேறு கதை.)

கணினி அறிவியலாளர் லாத்ஃபி ஸாதே 1965-இல் முன்வைத்த மங்கல் கணங்களிலிருந்து (fuzzy sets) வளர்ந்த ஃபஸி லாஜிக், அதாவது மங்கல் தர்க்கம், இந்த இழப்பைத் தவிர்க்க வழி தருகிறது. ஆம், இல்லை என்ற இரண்டோடு நிற்காமல், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவுகளையும் அது ஏற்கும். பீரங்கியின் வீச்சு 40 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்று விதித்தால், 39.8 எட்டுவது வெளியேறுகிறது. 45 எட்டுவதும் 40 எட்டுவதும் சமமாகிவிடுகின்றன. மங்கல் முறையில் 38-க்குப் பூஜ்யம், 44-க்கு ஒன்று என வைத்து, இடைப்பட்டவற்றுக்குப் படிப்படியாக மதிப்புத் தரலாம். 'பராமரிப்பது எளிது' என்று சோதனை அதிகாரி சொல்வதையும் ஒற்றை எண்ணாக இறுக்காமல், பத்துக்கு 5 முதல் 9 வரை, பெரும்பாலும் 7 என்று எடுத்துக்கொள்ளலாம். இறுதி மதிப்பெண்ணும் இப்படி, இதிலிருந்து இதுவரை என்ற ஒரு வரம்பாகவே வரும். இரு தளவாடங்களின் மதிப்பெண் வரம்புகள் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், தரத்தில் அவற்றைப் பிரிக்க முடியவில்லை என்று பொருள்; விலை தீர்மானிக்க வேண்டிய இடம் அதுதான். தைவான் ஆய்வாளர்கள் 1990-களிலேயே கடற்படை ஏவுகணைகளை ஒப்பிட இத்தகைய முறையைக் கையாண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் மங்கலாக்கச் சொல்லவில்லை. ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை இயங்குகிறதா என்பதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள்தாம் இருக்க முடியும்.

ஆனால் 38, 44 என்ற எல்லைகளையும், எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்பதையும் வகுப்பவர்கள் மனிதர்கள். எல்லையைச் சற்றே நகர்த்தினால் வெற்றி பெறுபவர் மாறக்கூடும். ஆகவே அவை டெண்டர் ஆவணத்திலேயே அச்சிடப்பட வேண்டும். எடைகளைச் சிறிது மாற்றினாலும் வரிசை நிலைக்கிறதா என்ற சோதனை, விலை உறைகளைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால் பழைய முறையே மேல். அதில் தவறு நடந்தால் தணிக்கையாளர் கண்ணிலாவது படும்.

கூடுதல் திறனுள்ள தளவாடத்துக்கு விலை ஒப்பீட்டில் 10 சதவீதம் வரை சலுகை தர 2016-ஆம் ஆண்டு கொள்முதல் விதிமுறை ஏற்கெனவே இடம் வைத்தது. அந்தச் சலுகையைக் கணக்கிடுவதில் இம்முறையை முதலில் பரீட்சித்துப் பார்க்கப் பாதுகாப்பு அமைச்சகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
ஆவடி